சொன்னவருக்குப் பதில் போக வேண்டும்

மருத்துவமனையில் தொற்றுநோய்க் கண்காணிப்புப் பிரிவில் வேலை என்று சொன்னால், பெரிய திரையில் வரைபடமும் சிவப்புப் புள்ளிகளும் மின்னுகிற ஓர் அறையைத்தான் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் அறையில் இருப்பது ஒரு கணினி, ஒரு தொலைபேசி, வார்டுகளிலிருந்து வரும் படிவங்களை அடுக்கிய ஓர் அலமாரி. வார்டில் செவிலியராகப் பல வருடம் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்தவள் நான். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த சாஃப்ட்வேர் பயன்படுத்துறீங்க?" என்பதைத்தான். நான் திருப்பிக் கேட்பேன்: "லேபில் உங்களுக்கு யாரைத் தெரியும்?"

நோய்ப் பரவல் தொடங்கும்போது எண்கள் அசைவதற்கு முன்பே யாரோ ஒருவருக்கு மனதில் உறுத்தும். 1981இல், எய்ட்ஸ் என்ற பெயரே இல்லாத காலத்தில், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தில் அரிய மருந்துகளை அனுப்பிவைக்கும் பிரிவில் சாண்ட்ரா ஃபோர்டு என்ற பெண்மணி வேலை பார்த்தார். உடலின் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்தவர்களுக்கு வருகிற ஒருவகை நிமோனியாவுக்கான பென்டமிடின் என்ற மருந்தை, எதிர்ப்புச் சக்தி குறைய எந்தக் காரணமும் தெரியாத இளைஞர்களுக்காக மருத்துவர்கள் கேட்பதைக் கவனித்து, தன் மேலதிகாரிக்கு எழுதினார். அந்த வருடம் ஜூன் 5 அன்று, லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த ஐந்து இளைஞர்களைப் பற்றிய முதல் அறிக்கையை அந்த மையம் வெளியிட்டது. அவர் நோயாளி யாரையும் நேரில் பார்த்தவர் இல்லை. பார்த்ததெல்லாம் மருந்துக் கோரிக்கைகளை.

1999 ஆகஸ்டில் நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் டெபோரா ஆஸ்னிஸ் என்ற தொற்றுநோய் மருத்துவர், மூளைக்காய்ச்சலோடு தசைத் தளர்ச்சியும் சேர்ந்து வந்த இரண்டு நோயாளிகளைப் பார்த்துவிட்டு நகரச் சுகாதாரத் துறைக்குப் போன் செய்தார். இரண்டே பேர்தான். என்ன கிருமி என்று அவருக்கும் தெரியாது. முதலில் பரிசோதனைகள் வேறொரு வைரஸைக் காட்டின. பிறகுதான் அது வெஸ்ட் நைல் வைரஸ் என்று தெரிந்தது. மேற்கு அரைக்கோளத்தில் அதற்கு முன் அந்த வைரஸ் கண்டறியப்பட்டதே இல்லை. "கன்ஃபர்ம் ஆகட்டும், அப்புறம் சொல்லலாம்" என்று அவர் காத்திருந்தால் எத்தனை வாரம் போயிருக்கும் என்று அடிக்கடி யோசிப்பேன். எங்கள் வேலையில் அதிகமாகக் காதில் விழும் வாக்கியமும் அதுதான், அதிகமாகக் கெடுதல் செய்வதும் அதுதான்.

2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிப்பா வைரஸ் பிடிபட்டதும் இப்படித்தான். மூளைக்காய்ச்சலோடு ஒருவர் வந்தார். அதே குடும்பத்தில் கொஞ்ச நாள் முன்பு இன்னொருவர் அதே மாதிரி நோயில் இறந்திருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்த மருத்துவர்கள் இது சாதாரணம் இல்லை என்று மாதிரிகளை மணிப்பாலில் உள்ள வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். பிற்பாடு ஆராய்ந்தபோது, தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்கு மருத்துவமனைக்குள்தான் அது பரவியிருக்கிறது என்று தெரிந்தது. மருத்துவமனை நோயைக் கண்டுபிடிக்கும் இடம் மட்டும் இல்லை, நோய் பெருகுகிற இடமும்தான். ஆகவே கண்காணிப்பை "வெளியே என்ன நடக்கிறது" என்று பார்க்கும் வேலையாக மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

சரி, உறுத்தல் யாருக்கு வேண்டுமானாலும் வரலாம். அது நம்மிடம் வந்து சேர வேண்டுமே? இங்கேதான் பல இடங்களில் அறுந்துபோகிறது. நான் பார்த்த வரையில், தகவல் சொல்லக்கூடியவர்கள் என்று எந்த அமைப்பு விளக்கப்படத்திலும் இல்லாதவர்கள்தான் நல்ல தகவல் தருகிறார்கள். லேப் டெக்னீஷியன், மருந்தகத்தில் ஸ்டாக் பார்ப்பவர், இரவுப் பணி சிஸ்டர், சவக்கிடங்கு ஊழியர், வார்டைத் துடைப்பவர். ஒரு வார்டில் வயிற்றுப்போக்கு கூடியிருப்பது டாக்டரின் குறிப்பில் வருவதற்கு முன்பே துப்புரவுப் பணியாளருக்குத் தெரிந்துவிடும். அவரிடம் பத்துப் பக்கப் படிவத்தை நீட்ட முடியாது.

நாங்கள் ஒரு சின்ன அட்டை அடித்து எல்லா வார்டிலும் ஒட்டினோம். அதில் நோய்ப் பெயர்கள் அதிகம் இல்லை. ஒரே குடும்பத்தில் அல்லது ஒரே வார்டில் இரண்டு பேருக்கு ஒரே மாதிரி நோயா, சொல்லுங்கள். நோயாளியைக் கவனித்த ஊழியருக்கே அந்த நோய் வந்ததா, உடனே சொல்லுங்கள். ஆரோக்கியமாக இருந்த ஒருவர் சில நாட்களுக்குள் காரணம் தெரியாமல் இறந்தாரா, சொல்லுங்கள். கீழே ஒரு போன் எண். இவற்றில் இரண்டாவதைத்தான் நான் மிகவும் மதிப்பேன். ஊழியருக்கு நோய் வருகிறது என்றால், மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுகிறது என்று பொருளாக இருக்கலாம், நம் பாதுகாப்பு முறையில் ஓட்டை என்றும் பொருளாக இருக்கலாம். இரண்டுமே அன்றைக்கே தெரிய வேண்டிய விஷயம்.

ஒரே ஒரு கேஸ் போதும் என்கிற நோய்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. தொண்டை அடைப்பான், காலரா, தட்டம்மை போன்றவை அதில் இருக்கும். 15 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்குத் திடீரென்று கை கால் துவண்டுபோவதும் இருக்கும். இது போலியோவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்று தெரிந்தாலும் சொல்ல வேண்டும். போலியோ அல்லாத இத்தகைய தளர்ச்சி, வருடத்துக்கு ஒரு லட்சம் குழந்தைகளில் குறைந்தது ஒருவருக்காவது பதிவாக வேண்டும் என்பது கண்காணிப்பின் அளவுகோல். அதற்கும் கீழே போனால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை, கண்காணிப்பு தூங்குகிறது என்று அர்த்தம். இல்லாத நோயைத் தேடிக்கொண்டே இருந்தால்தான் அது இல்லை என்று சொல்ல முடியும். இந்தத் தர்க்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இப்போது லேபுக்கு வருகிறேன். ஒரு மதியம் நுண்ணுயிரியல் பிரிவிலிருந்து ஒரு டெக்னீஷியன் கூப்பிட்டார். "மேடம், பர்கோல்டேரியா இந்த வாரம் நிறைய வருது. எல்லாமே பிளட் கல்ச்சர். சென்சிடிவிட்டி பேட்டர்னும் ஒரே மாதிரி இருக்கு." ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது பிளட் கல்ச்சர்; எந்தெந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்பதுதான் சென்சிடிவிட்டி பேட்டர்ன். பர்கோல்டேரியா ஈரத்தில் வாழும் கிருமி. கிருமிநாசினிக் கரைசலிலேயே பிழைத்துக்கிடக்கும் அளவுக்கு அடம்பிடித்தது. அபூர்வமாக வரவேண்டிய ஒன்று வெவ்வேறு வார்டுகளிலிருந்து ஒரே வாரத்தில் வருகிறது என்றால், நடுவில் பொதுவான ஏதோ ஒன்று இருக்கிறது.

அந்த நோயாளிகளை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தோம். விநோதம் என்னவென்றால், ரத்தத்தில் அப்படியொரு கிருமி ஓடுகிறவர்களைப் போல அவர்கள் இல்லை. சிலருக்குக் காய்ச்சலே இறங்கிவிட்டிருந்தது. ஒருவர் வீட்டுக்குப் போகத் தயாராகப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். வார்டு வேறு, மருத்துவர் வேறு, ஊசி மருந்துகளும் வேறு. ரத்தம் எடுத்தது எப்படி என்று கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. தோலைத் துடைக்கும் கரைசலைப் பெரிய கேனிலிருந்து சின்னப் பாட்டில்களில் ஊற்றி, தீரத்தீர மேலேயே நிரப்பிவந்திருக்கிறார்கள். பாட்டிலைக் கழுவிக் காயவைக்கும் வழக்கமே இல்லை. அந்தப் பாட்டில்களிலிருந்து எடுத்த மாதிரியில் அதே கிருமி வளர்ந்தது. நோயாளிகளின் ரத்தத்தில் இருந்ததல்ல, தோலைத் துடைத்தபோது கல்ச்சர் பாட்டிலுக்குள் சேர்ந்தது.

இதைப் போலிப் பரவல் என்பார்கள். போலிதானே என்று சிரித்துவிட்டுப் போக முடியாது. இல்லாத தொற்றுக்காகச் சிலருக்கு வீரியமான ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தினார்கள். அதே கரைசலைத்தான் மைய ரத்தக்குழாயில் குழாய் செருகும்போதும் பயன்படுத்தியிருந்தார்கள், அங்கே போலி நிஜமாகிவிட நாழியாகாது. மேலே மேலே நிரப்பும் பழக்கத்தை ஒழித்து, ஒருமுறை திறந்து பயன்படுத்தும் சின்னப் பொதிகளுக்கு மாற்றினோம்.

நான் சொல்ல வந்தது அதற்குப் பிறகு செய்ததை. கண்டுபிடித்தது என்ன, மாற்றியது என்ன என்று ஒரே பக்கத்தில் எழுதி, முதல் பிரதியை அந்த டெக்னீஷியனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீங்க சொன்னதாலதான்" என்று அவருடைய மேலாளர் முன்னாலேயே சொன்னேன். இதெல்லாம் நல்ல மனதால் செய்ததில்லை, கணக்குப் பார்த்துச் செய்தது. அதற்குப் பிறகு அவர் அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தார். முக்கால்வாசி ஒன்றுமில்லாமல் போகும். போகட்டும். ஒன்றுமில்லாமல் போனவற்றுக்கும் "பார்த்தோம், ஒன்றுமில்லை, காரணம் இது" என்று அன்றைக்கே பதில் சொல்லிவிடுவேன். பதில் வராத இடத்துக்கு யாரும் இரண்டாவது முறை போன் செய்வதில்லை. கண்காணிப்பு அமைப்புகள் செத்துப்போவது பணம் இல்லாமல் என்று சொல்வார்கள். பணமும்தான். ஆனால் நான் பார்த்தவை பதில் இல்லாமல் செத்தவை.

தகவல் வந்ததும் முதலில் திறக்க வேண்டியது லைன் லிஸ்ட். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. வயது, பாலினம், வசிக்கும் இடம், வார்டு, அறிகுறிகள், எடுத்த மாதிரிகள், முடிவு. எக்செல் போதும், காகிதமும் போதும். எல்லாப் பத்திகளிலும் ஒன்றே ஒன்றைத்தான் நிரப்பலாம் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால், நோய் தொடங்கிய தேதியைத் தேர்ந்தெடுப்பேன். அட்மிஷன் தேதியைத்தான் எல்லோரும் எழுதித் தருவார்கள், அது கேஸ் ஷீட்டின் மேலேயே இருக்கும், எளிது. தொடங்கிய தேதிக்கு நோயாளியின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். "எப்போதிலிருந்து காய்ச்சல்?" என்று கேட்டால் "ஒரு நாலஞ்சு நாளா" என்பார்கள். "கடைசியாக எந்த நாள் நன்றாக இருந்தீர்கள், வேலைக்குப் போனீர்களா, ராத்திரி தூங்கினீர்களா?" என்று கேட்டால் தேதி கிடைத்துவிடும்.

அந்தத் தேதி இல்லாவிட்டால் பின்னோக்கிப் போக வழியே இல்லை. காலரா என்றால் சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாள் வரை பின்னால் போய் என்ன குடித்தார்கள் என்று தேட வேண்டும். ஏ வகை மஞ்சள் காமாலை என்றால் 15 முதல் 50 நாள் வரை பின்னால் போக வேண்டும். நோரோவைரஸ் என்றால் நேற்றும் முந்தாநாளும் போதும். தொடங்கிய தேதிகளை வைத்துக் கட்டம் கட்டமாக அடுக்கி ஒரு வரைபடம் போட்டால், அதன் உருவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கினால் ஒரே மூலம், ஒரே நேரம். அலை அலையாகத் தள்ளித் தள்ளி வந்தால் ஆளிடமிருந்து ஆளுக்கு. அட்மிஷன் தேதியை வைத்துப் போட்டால் அது மக்கள் மருத்துவமனைக்கு வந்த நாட்களின் படம். ஞாயிற்றுக்கிழமை பள்ளமும் திங்கட்கிழமை மேடும்தான் அதில் தெரியும்.

உள்ளே பிடித்த தொற்றா, வெளியிலிருந்து கொண்டுவந்ததா என்ற கேள்விக்கும் இதே தேதிதான் பதில். சேர்ந்து 48 மணி நேரத்துக்குப் பிறகு தொடங்கினால் மருத்துவமனைத் தொற்று என்பது பொதுவான கணக்கு. இது சாதாரண பாக்டீரியாக்களுக்குச் சரி. அடைகாலம், அதாவது தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியும் வரையான காலம், நீளமான நோய்க்கு இதைக் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினால் வீண் சண்டைதான் வரும். ஐந்தாம் நாள் சின்னம்மை கொப்புளம் போட்டால் வார்டைக் குற்றம் சொல்ல முடியாது, அதன் அடைகாலம் 10 முதல் 21 நாள்.

நேரத்தோடு போட்டி போட வேண்டியிருந்த சம்பவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புறநோயாளிகள் பிரிவில் காய்ச்சலோடும் தடிப்போடும் ஒரு குழந்தை, தட்டம்மை மாதிரி இருக்கிறது என்று குழந்தைகள் நல மருத்துவர் போன் செய்தார். இந்த வைரஸ், நோயாளி போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் இருக்கும். தடிப்பு வருவதற்கு நான்கு நாள் முன்பிருந்து நான்கு நாள் பின்பு வரை தொற்றும். அந்தக் குழந்தை காத்திருந்த கூடத்தில் அதே நேரத்திலும் அடுத்த இரண்டு மணி நேரத்திலும் யார் யார் இருந்தார்கள் என்று பதிவேட்டை எடுத்தோம். தடுப்பூசி போடாதவர்களுக்கு, தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் போட்டால் நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு. தடுப்பூசி போட முடியாத சின்னக் குழந்தைகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பொருள் மருந்து உண்டு, அதற்கு ஆறு நாள் வரை அவகாசம்.

ரத்தப் பரிசோதனைக்கு எடுத்தனுப்பினோம், முடிவுக்குக் காத்திருக்கவில்லை. தடிப்பு வந்த முதல் மூன்று நாட்களில், ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருளைத் தேடும் அந்தப் பரிசோதனை நெகடிவ் என்று வரலாம். அந்த நெகடிவைப் பார்த்து நிம்மதியாகி விட்டால் 72 மணி நேரமும் கரைந்துவிடும். பட்டியலில் இருந்தவர்களைப் போனில் பிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பதிவேட்டில் பாதி எண்கள் தவறு. புறநோயாளிச் சீட்டு போடும் இடத்தில் போன் எண்ணைத் திரும்பச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும் என்று அதற்குப் பிறகு வலியுறுத்தினோம். கண்காணிப்புக்காக நான் இதுவரை செய்யவைத்த மாற்றங்களில் செலவே இல்லாததும் பலன் அதிகமானதும் அதுதான்.

மாதிரி எடுப்பதைப் பற்றி நான் எழுதப் புகுந்தால் முடியாது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன் எடுங்கள். டெங்குவுக்கு முதல் ஐந்து நாளுக்குள் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை, அதற்குப் பிறகு ஐஜிஎம். காலரா சந்தேகத்துக்கு மலக்குடல் ஸ்வாபை, லேபுக்குப் போகும் வரை கிருமியைக் காப்பாற்றும் கேரி-பிளேர் ஊடகத்தில் போடுங்கள். தொண்டை அடைப்பான் சந்தேகம் என்றால் லேபுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், அதை வளர்க்கத் தனி ஊடகம் வேண்டும், சாதாரணத் தொண்டை ஸ்வாப் என்று அனுப்பினால் சாதாரணமாகத்தான் பார்ப்பார்கள். படிவத்தில் எத்தனையாவது நாள் நோய் என்று எழுதாத மாதிரியின் நெகடிவ் முடிவுக்கு நான் எந்த மதிப்பும் கொடுப்பதில்லை.

எண்ணிக்கை கூடினால் உடனே பதற வேண்டியதில்லை. முதலில் கேட்க வேண்டியது, அளக்கும் முறையில் ஏதாவது மாறியதா? புதிய பரிசோதனைக் கருவி வந்திருக்கலாம், காய்ச்சலுக்குத் தனி ஓபி தொடங்கியிருக்கலாம், பக்கத்து மருத்துவமனை மூடியிருக்கலாம், ஆர்வமான ஓர் இளம் மருத்துவர் பணியில் சேர்ந்து எல்லோருக்கும் டெஸ்ட் எழுதலாம். இவை எதுவும் இல்லையென்று தெரிந்த பிறகு, முந்தைய வருடங்களின் இதே வாரத்தோடு ஒப்பிடுங்கள். போன வாரத்தோடு மட்டும் ஒப்பிட்டால் பருவகாலம் ஏமாற்றிவிடும். லேப் முடிவுகளை அலச வோநெட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரே கிருமி ஒரே எதிர்ப்புத்தன்மையோடு குவிவதைக் காட்டிக்கொடுக்கும், நல்லதுதான். ஆனாலும் அந்த டெக்னீஷியனின் கண்ணுக்கு அது துணை, மாற்று இல்லை.

பூஜ்யத்தை எழுதச் சொல்லிப் பழக்குவது இன்னொரு வேலை. "இந்த வாரம் எதுவுமில்லை" என்று வார்டு எழுதி அனுப்பினால் அது தகவல். காலியாக வந்தால், இல்லையா, பார்க்கவில்லையா என்று தெரியாது. எரிச்சலாக இருக்கும், ஆனால் விடக்கூடாது.

இதையெல்லாம் ஒரே நாளில் கெடுக்கக்கூடிய காரியங்கள் இரண்டு உண்டு. ஒன்று, லைன் லிஸ்டைப் பெயரோடும் முகவரியோடும் வாட்ஸ்அப் குழுவில் போடுவது. ஒரு நோயாளியின் பெயர் வெளியே போனால் அவருடைய குடும்பத்தை அக்கம்பக்கம் ஒதுக்கும், அடுத்த நோயாளி மருத்துவமனைக்கே வராமல் மறைப்பார். எங்களுக்குள் எண்தான், பெயர்ப் பட்டியல் பூட்டிய இடத்தில். இரண்டாவது, தகவல் சொன்ன வார்டையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது. ஒரு கூட்டத்தில் ஒரு மூத்த அதிகாரி, வயிற்றுப்போக்கு பரவுகிறது என்று தானாகவே சொன்ன வார்டு பொறுப்பாளரை எல்லோர் முன்னாலும் விளாசினார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அந்த வார்டு மட்டுமில்லை, அதைப் பார்த்த மற்ற வார்டுகளும் நீண்ட காலம் பூஜ்யம்தான் அனுப்பின. அந்தப் பூஜ்யங்களை நான் நம்பவில்லை. ஒவ்வொரு வார்டாகப் போய், பேச்சுக் கொடுத்து, மறுபடியும் அவர்களை வாய் திறக்கவைக்க ரொம்ப நாளானது. இப்போது கூட்டத்துக்கு முன்பே வார்டின் பெயரை அறிக்கையிலிருந்து எடுத்துவிடுகிறேன்; யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களிடம் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன்.

வெளியே, பொதுச் சுகாதாரத் துறைக்குச் சொல்லும்போதும் காத்திருக்கக் கூடாது. ஏழு நாளுக்குள் கண்டறிதல், ஒரு நாளுக்குள் தெரிவித்தல், ஏழு நாளுக்குள் முதற்கட்ட நடவடிக்கைகளை முடித்தல் என்று 7-1-7 என்ற இலக்கு இப்போது உலகம் முழுவதும் பேசப்படுகிறது. நடுவில் உள்ள அந்த ஒரு நாளில்தான் மருத்துவமனைகள் கோட்டைவிடுகின்றன. கையெழுத்துக்காகக் கோப்பு ஒவ்வொரு மேஜையாகச் சுற்றும். நிர்வாகத்தோடு பேசி, போனில் முதலில் சொல்லிவிடலாம், கோப்பு பின்னால் வரட்டும் என்று எழுத்தில் அனுமதி வாங்கி வைத்திருக்கிறோம். நோய்ப் பரவல் வராத அமைதியான மாதத்தில்தான் இந்த அனுமதியைக் கேட்க வேண்டும். பரபரப்பில் யாரும் தர மாட்டார்கள்.

கடைசியாக, அட்டையில் இருக்கும் அந்தப் போன் எண். ஆரம்பத்தில் அது என் சொந்த எண். நான் விடுப்பில் போனால் கண்காணிப்பும் விடுப்பில் போகும். இப்போது அது மேஜைக்கான எண். பணியில் இருப்பவர் யாரோ அவர் எடுப்பார், என்ன சொன்னார்கள், யார் சொன்னார்கள், பதில் எப்போது போனது என்று நோட்டில் எழுதுவார். பதில் போன நேரத்துக்கான பத்தி காலியாக இருந்தால், அடுத்த பணிக்கு வருபவர் முதல் வேலையாக அதைத்தான் முடிக்க வேண்டும்.